கடலைக்காட்டில் முயல் குட்டி கிடந்தால் என்ன செய்வது?

ஆடிப்பட்டத்தில் விதைத்த மானாவாரி நிலக்கடலைக்குக் களை வெட்டி மண் அணைக்கும் நாட்களில், பூச்சி, நோய் பற்றிய போன் அழைப்புகளுக்கு நடுவே வேறொரு கேள்வியும் வரும். காங்கேயம், மூலனூர், வெள்ளகோவில் பக்கத்து விவசாயிகள் கேட்பது பெரும்பாலும் இந்த மாதிரி இருக்கும்: "ஏனுங்க சார், களை வெட்டறப்போ முயல் குட்டி ரெண்டு கெடந்துச்சுங்க. தாயைக் காணோம். ஊட்டுக்குக் கொண்டாந்துட்டோம். மாட்டுப்பால் ஊத்துனா குடிக்குதுங்க. இன்னும் என்னங்க குடுக்கறது?"

எதுவும் கொடுக்க வேண்டாம், வெயில் தாழ்ந்ததும் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிடுங்கள் என்பதுதான் பெரும்பாலான நேரங்களில் சரியான பதில். கேட்பவருக்கு இது இரக்கமில்லாத பதிலாகத் தெரியும். ஆனால் வயலில் தனியாகக் கிடக்கும் முயல் குட்டிக்குப் பெரும்பாலும் தாய் இருக்கிறது. அதைக் காப்பாற்றுவதாக நினைத்து வீட்டுக்கு எடுத்து வரும்போதுதான் அது அநாதையாகிறது. அப்படி வந்த குட்டிகளில் பல, பாசமாகப் பால் புகட்டிய வீட்டிலேயே இரண்டு மூன்று நாளில் வயிறு உப்பிச் செத்துப்போகின்றன.

பகலில் தாய் ஏன் இருப்பதில்லை?

தமிழில் முயல் என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு விலங்குகளை அழைக்கிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. கூண்டில் வளர்க்கும் வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா, அங்கோரா எல்லாமே ஐரோப்பியக் குழி முயலின் வழி வந்தவை. நம் காட்டிலும் கொறங்காட்டிலும் ஓடுவது இந்தியக் காட்டு முயல். தென்னிந்தியாவில் உள்ளதற்குப் பிடரியில் கறுப்புப் பட்டை இருக்கும், வாலின் மேல்பக்கமும் கறுப்பு.

பண்ணை முயல் வளர்த்தவர்களுக்குத் தெரியும். தாய் தன் முடியைப் பிடுங்கிக் கூடு அமைக்கும். குட்டிகள் முடியில்லாமல், கண் மூடி, செக்கச் சிவந்து பிறக்கும். கண் திறக்கப் பத்து நாள் ஆகும். காட்டு முயல் குழி தோண்டுவதில்லை, கூடும் கட்டுவதில்லை. புல்லிலோ பயிரிலோ உடலை அழுத்திப் படுத்த சிறு பள்ளம்தான் அதன் வீடு. அதன் குட்டிகள் பிறக்கும்போதே உடல் முழுக்க முடியும் திறந்த கண்களுமாக இருக்கும். சிறிது நேரத்திலேயே நகரவும் செய்யும். ஓர் ஈற்றுக்கு ஒன்று முதல் நான்கு குட்டிகள். ஆண்டு முழுக்க ஈனும் என்றாலும் மழைக்காலத்தில் அதிகம்.

தரைக்கு மேல் திறந்த வெளியில் குட்டியை வைத்திருக்கும் தாய், பகலில் அதன் அருகிலேயே இருந்தால் என்ன ஆகும்? நரி, கீரி, காட்டுப்பூனை, நாய் எல்லாம் தாயின் வாடையைப் பிடித்துக் குட்டியிடம் வந்து சேரும். அதனால் தாய் விலகி வேறிடத்தில் படுத்துக்கொள்கிறது. ஐரோப்பாவில் உள்ள இதே இனக் குடும்பத்து முயலில் இதை நெருக்கமாகப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பிறந்த சில நாட்களில் குட்டிகளும் ஒன்றையொன்று பிரிந்து தனித்தனியாகப் பதுங்கிக்கொள்ளும். பொழுது சாய்ந்து முக்கால் மணி நேரம் போல ஆனதும் எல்லாம் பிறந்த இடத்தில் கூடும். தாய் வந்து ஐந்து நிமிடம் போலப் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். ஒரு நாளைக்குப் பெரும்பாலும் அவ்வளவுதான்.

காலை பத்து மணிக்குக் களை வெட்டும் ஆட்கள் பார்ப்பது இந்த இடைவேளையைத்தான். குட்டி தனியாக, அசையாமல், சத்தம் போடாமல் கிடக்கிறது. கிட்டே போனாலும் ஓடவில்லை. "பாவம், நடக்கக்கூடத் தெம்பு இல்லை" என்று நாம் நினைக்கிறோம். அசையாமல் கிடப்பதுதான் அதற்குத் தெரிந்த தற்காப்பு. கைக்குள் நெஞ்சு படபடக்க அடங்கியிருக்கும் குட்டி நம்மிடம் பழகிவிட்டதாகவும் எண்ண வேண்டாம். அது பயத்தின் உச்சத்தில் இருக்கிறது. முயல் இனம் அதிர்ச்சியிலேயே இறந்துவிடக் கூடியது.

யூடியூபில் வரும் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, குட்டி கிடந்த இடத்தில் நூலைக் குறுக்கே போட்டு வைத்தோம், மறுநாள் கலையவில்லை, அதனால் தாய் வரவில்லை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அந்த முறை அமெரிக்காவின் பருத்திவால் முயலுக்கு உரியது. அது பள்ளம் தோண்டி, முடி பரப்பி, அதற்குள் குட்டிகளை மூடி வைக்கும். பால் கொடுக்க மூடியைக் கலைத்தே ஆக வேண்டும். கூடே இல்லாத நம் காட்டு முயலிடம் இந்தச் சோதனை எதையும் காட்டாது.

எது உண்மையான அநாதை?

பக்கத்தில் தாய் செத்துக் கிடந்தால் சந்தேகமில்லை. ரோட்டில் வண்டியில் அடிபட்டோ, நாய் கடித்தோ இறந்த பெண் முயலின் காம்பைச் சுற்றி முடி நனைந்து ஒட்டியிருந்தாலோ, அழுத்தினால் பால் வந்தாலோ அது பால் கொடுத்துக்கொண்டிருந்த தாய். குட்டிகள் அருகில் இருக்கும். தென் மாவட்டங்களில் பாரிவேட்டை என்ற பெயரில் நடக்கும் முயல் வேட்டைக்குப் பிறகும், இரவில் டார்ச் அடித்து வலை போடுபவர்கள் வந்துபோன பிறகும் இப்படிக் குட்டிகள் தவித்து நிற்பதுண்டு.

மற்ற அடையாளங்கள் குட்டியின் உடலிலேயே இருக்கும். உடல் சில்லிட்டுத் துவண்டிருப்பது, எறும்பு மொய்ப்பது, காயத்தில் ஈ முட்டையிட்டிருப்பது, நாயோ பூனையோ வாயில் கவ்வி வந்தது, பகல் வெயிலில் பதுங்காமல் அலைந்து கத்துவது ஆகியவை உதவி தேவை என்பதைக் காட்டும். பிடரித் தோலை இரண்டு விரலால் மெதுவாகத் தூக்கி விட்டால் உடனே படிய வேண்டும். தூக்கியபடியே கூடாரம் போல் நின்றால் உடலில் நீர் வற்றிவிட்டது என்று அர்த்தம்.

இவை எதுவும் இல்லாமல் உடல் வெதுவெதுப்பாக, வயிறு ஒட்டாமல், கண் தெளிவாக இருந்தால் அது தாயுள்ள குட்டி.

திரும்ப வைப்பது எப்படி?

மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்ற நம்பிக்கையால்தான் பலர், "தொட்டாச்சு, இனிமேல் வீட்டுக்குத்தான்" என்று எடுத்து வருகிறார்கள். இந்தப் பயம் வேண்டாம். கையில் எடுத்ததற்காக மட்டும் முயல் தன் குட்டியை ஒதுக்கிவிடுவதில்லை. இருந்தாலும் வெறும் கையால் தடவிக்கொண்டிருக்காமல், ஒரு பிடி பச்சைப் புல்லையோ கடலைக் கொடியையோ கையில் வைத்து அதோடு சேர்த்துத் தூக்குவது நல்லது.

களை வெட்டு நடந்துகொண்டிருந்தால், அதே வரிசையின் கடைசியில் வரப்போரப் புல்லுக்குள்ளோ கிளுவை வேலி நிழலிலோ வையுங்கள். ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்கு மாற்ற வேண்டாம். வெட்டி முடித்து ஆட்கள் வெளியேறியதும் முதலில் கிடந்த இடத்துக்கே கொண்டுவந்து விடலாம். சுற்றி இருந்த செடியெல்லாம் போய் மண் வெறுமையாகக் கிடந்தால், வெட்டிய களைச்செடியைக் கொஞ்சம் சாய்வாகப் போட்டு நிழல் செய்யுங்கள். கூடையால் கவிழ்த்து மூடக் கூடாது. உச்சி வெயிலில் காய்ந்த செம்மண் மேல் மூடாக்கு இல்லாமல் வைத்தால் அரை மணி நேரமே குட்டிக்கு ஆபத்துதான்.

காலையில் எடுத்து வந்துவிட்டவர்கள் அன்று மாலை ஐந்து, ஐந்தரைக்குள் கொண்டுபோய் வைத்தால் போதும். ஒரு பாலையும் அது இழக்காது. ஒரு இரவு வீட்டில் இருந்துவிட்டாலும் மறுநாள் மாலை வைத்துப் பார்க்கலாம், தாய் தேடி வரும் வாய்ப்பு இருக்கிறது. வைத்துவிட்டு, தாய் வருகிறதா என்று வரப்பில் உட்கார்ந்து பார்க்கக் கூடாது. ஆள் இருக்கும் வரை அது வராது. அன்று ராத்திரி தோட்டத்து நாயைக் கட்டிப் போடுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம். நான் பார்த்த வரையில் தோட்டத்து முயல் குட்டிகளுக்கு நரியைவிட நம் நாய்களே பெரிய எமன்.

மறுநாள் காலை ஒரு முறை எட்டிப் பாருங்கள். குட்டி சுறுசுறுப்பாக, வயிறு நிறைந்து இருந்தால் வேலை முடிந்தது. அங்கே இல்லாவிட்டாலும் செத்துவிட்டதாக நினைக்க வேண்டாம், தானாக இடம் மாறியிருக்கும். அதே இடத்தில் சில்லிட்டு, வயிறு ஒட்டிக் கிடந்தால்தான் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும்.

வீட்டில் ஒரு ராத்திரி

தாய் இறந்தது உறுதி, அல்லது குட்டிக்குக் காயம். இப்போது நம் வேலை, வனத்துறை ஆட்களோ கால்நடை மருத்துவரோ பொறுப்பேற்கும் வரை அதை உயிரோடு வைத்திருப்பது மட்டுமே. மாதக்கணக்கில் வளர்ப்பது நம் வேலை இல்லை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

காற்றோட்டத்துக்குத் துளை போட்ட அட்டைப்பெட்டி போதும். உள்ளே பழைய பருத்தித் துணியும் அதன் மேல் காய்ந்த புல்லும் பரப்புங்கள். நூல் பிரிந்த துண்டு வேண்டாம், காலில் சுற்றிக்கொள்ளும். கம்பி வலைக் கூண்டு கூடவே கூடாது. பயந்து எகிறும் குட்டி தலையில் அடித்துக்கொள்ளும், முதுகெலும்பே முறியலாம். பெட்டியை மூடி, இருட்டான, சத்தமில்லாத அறையில் வையுங்கள். டிவி ஓடும் கூடம், ஆடு மாடு கட்டும் கொட்டகை இரண்டும் ஆகாது.

குட்டி சில்லிட்டிருந்தால் முதல் வேலை சூடேற்றுவது. வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். வெயிலில் துவண்டு வந்த குட்டிக்கு இது தேவையில்லை, நிழலும் குளிர்ச்சியும்தான் தேவை. சில்லிட்ட குட்டிக்குப் பால் கொடுக்கவே கூடாது. உடல் சூடு இல்லாதபோது குடல் வேலை செய்யாது, உள்ளே போன பால் அப்படியே தங்கிக் கெட்டுப்போகும்.

பிள்ளைகள் எடுத்துக் கொஞ்சுவது, செல்போனில் படம் பிடிப்பது, அக்கம்பக்கத்தாருக்குக் காட்டுவது எல்லாம் குட்டியைக் கொல்லும் காரியங்கள். வீட்டில் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். காட்டு முயலில் உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் இருக்கும். கடித்தோ பிறாண்டியோ விட்டால் ஓடும் நீரில் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிடுங்கள்.

மாட்டுப்பால் ஏன் கூடாது?

ஒரு நாளைக்கு ஒரே முறை பால் கொடுக்கும் விலங்கின் பால் மிகவும் கெட்டியாகத்தான் இருக்கும். பண்ணை முயலின் பாலில் கொழுப்பு சுமார் 12 சதவீதம், புரதமும் கிட்டத்தட்ட அதே அளவு, பால் சர்க்கரை 2 சதவீதத்துக்கும் குறைவு. மாட்டுப்பாலில் கொழுப்பு 4, புரதம் 3 சதவீதத்துக்குச் சற்று மேல், பால் சர்க்கரை 5 சதவீதத்தை ஒட்டி. காட்டு முயலின் பால் கூண்டு முயலின் பாலுக்குச் செறிவில் குறைந்ததல்ல.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 மில்லி முயல் பாலில் கிடைக்கும் கொழுப்பைப் பெற, குட்டி 30 மில்லி மாட்டுப்பால் குடிக்க வேண்டும். அந்தச் சின்ன வயிறு அதைத் தாங்காது. அப்படியே குடித்தாலும் அதோடு சேர்ந்து போகும் பால் சர்க்கரை தாய்ப்பாலில் கிடைப்பதைப் போல ஏழு மடங்கு. செரிக்காத சர்க்கரை குடலில் புளித்து, வாயு சேர்ந்து, பேதியாகிறது. "நல்லாத்தான் குடிச்சுதுங்க, திடீர்னு செத்துப்போச்சு" என்று கேட்பதெல்லாம் இந்தக் கதைதான். தண்ணீர் கலந்த பால் இன்னும் மோசம், பட்டினியும் பேதியும் சேர்ந்து வரும்.

அதனால் முதல் இரவு பால் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை. தாய்ப்பாலுக்கே ஒரு நாள் இடைவெளி விடும் விலங்கு இது. நீர் வற்றியிருந்தால், உடல் சூடு திரும்பிய பிறகு, ஓ.ஆர்.எஸ். கரைசலை வெதுவெதுப்பாக்கி ஊசியில்லாத 1 மில்லி சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக உதட்டோரம் வைக்கலாம். குட்டி நான்கு காலில் நிற்கும் நிலையிலேயே இருக்க வேண்டும். குழந்தையைப் போல் மல்லாத்திப் புகட்டினால் நீர் மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலுக்குப் போய்விடும். மூக்கில் குமிழி வந்தால் உடனே நிறுத்துங்கள்.

ஒரு நாளைக்கு மேல் ஆகியும் பொறுப்பேற்க ஆள் வரவில்லை என்றால், கால்நடை மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொண்டு, பூனைக்குட்டிக்கு விற்கும் பால் பவுடரைக் கொடுக்கலாம். அது கிடைக்காத ஊரில் மாட்டுப்பாலைவிட வெள்ளாட்டுப்பால் தேவலாம், ஆனால் அதுவும் ஓரிரு வேளைக்குத்தான். வயிறு புடைக்கும் வரை ஊட்டாதீர்கள். பாலுக்குப் பிறகு வெந்நீரில் நனைத்த பஞ்சால் பின்பக்கத்தை மெதுவாகத் துடைத்துவிட வேண்டும். தாய் நக்கிவிட்டால்தான் சிறு குட்டிக்குச் சிறுநீர் இறங்கும், அந்த வேலையை இந்தப் பஞ்சு செய்கிறது. பெட்டிக்குள் ஒரு பிடி அருகம்புல் போட்டு வையுங்கள். ஓரளவு வளர்ந்த குட்டி தானாகவே கொறிக்கத் தொடங்கும். முட்டைக்கோஸ், கேரட், பிஸ்கட், சோறு எதுவும் வேண்டாம்.

மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள்

மாடு, ஆடு, நாய் வைத்திருக்கும் வீட்டில் ஏதாவது மருந்து மிச்சம் இருக்கும். அதிலிருந்து எடுத்துக் கொடுப்பதில் இரண்டு தவறுகள் உயிரைப் பறிப்பவை.

ஒன்று, வாய்வழி ஆன்டிபயாட்டிக். அமாக்சிசிலின், ஆம்பிசிலின் போன்ற பென்சிலின் வகைகள், கிளின்டாமைசின், லின்கோமைசின் ஆகியவற்றை முயல் இனத்துக்கு வாய்வழி கொடுத்தால் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, நச்சு உண்டாக்கும் கிருமி பெருகி, உயிர் போகும். மனிதருக்கும் மாட்டுக்கும் நல்லது செய்யும் மருந்து முயலுக்கு விஷமாகிறது. அதே சமயம், பூனை கடித்த குட்டிக்கு ஆன்டிபயாட்டிக் கட்டாயம் தேவை. ஊசி முனை அளவு பல் பதிந்தாலும் பூனையின் வாயில் உள்ள கிருமி ரத்தத்தில் ஏறிவிடும். எந்த மருந்து, எந்த வழியில் என்பதைக் கால்நடை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது ஃபிப்ரோனில். நெல்லிலும் கரும்பிலும் பயன்படுத்துவதால் நமக்குப் பழக்கமான பெயர். நாய்க்கு உண்ணி போக அடிக்கும் ஸ்பிரேயிலும் அதே மருந்து வருகிறது. நாய்க்குப் பாதுகாப்பானது, முயலுக்கு நச்சு. உண்ணி இருக்கிறதே என்று குட்டி மேல் அடித்துவிடாதீர்கள். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தால் போதும். காயத்தை உப்பு நீரில் கழுவிச் சுத்தமான துணியால் மூடி வைப்பதோடு வீட்டு வைத்தியத்தை நிறுத்திக்கொள்ளுங்கள்.

வளர்த்தால் குற்றம்

காட்டு முயல், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட விலங்கு. பிடிப்பது, வீட்டில் வளர்ப்பது, கொல்வது, கறி விற்பது எல்லாமே குற்றம். 2022-ல் செய்து 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அபராதத்தை உயர்த்தியிருக்கிறது. பொதுவான விதிமீறலுக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எப்படியோ கைக்கு வந்து சேர்ந்த காட்டு விலங்கைப் பற்றி 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ வனத்துறை அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

"போன் பண்ணினால் நம்ம மேலேயே கேஸ் போட்டுருவாங்க" என்ற பயத்தில் பலர் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். சொல்லாமல் வைத்திருப்பதுதான் சிக்கல். குட்டி கிடந்த இடத்தை எடுப்பதற்கு முன்பே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இறந்த தாய் இருந்தால் அதையும் தொடாமல் படம் எடுங்கள். வனச்சரக அலுவலகத்துக்குப் பேசிய நேரத்தையும் பேசியவரின் பெயரையும் குறித்து வையுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை நாளில் ஆள் வரத் தாமதமாகும், அதற்கும் சேர்த்துத்தான் மேலே சொன்ன ஏற்பாடுகள்.

சட்டத்தை விடுங்கள், வளர்த்தாலும் பலன் இல்லை. காட்டு முயல் கூண்டுக்குப் பழகாது. வளர வளர ஒவ்வொரு சத்தத்துக்கும் எகிறி மோதிக்கொள்ளும். நாயையும் மனிதரையும் பார்த்து ஓடாத அளவுக்குப் பழக்கினால், வெளியே விட்ட அன்றே நாய்க்கு இரையாகும். பண்ணை முயலோடு இணைத்துப் புது ரகம் உண்டாக்கலாமா என்று முயல் வளர்க்கும் இளைஞர்கள் சிலர் ஆர்வமாகக் கேட்கிறார்கள். முடியாது. காட்டு முயலுக்குக் குரோமோசோம் 48, பண்ணை முயலுக்கு 44. இரண்டும் வேறு பேரினங்கள், குட்டி உண்டாகாது. கூண்டு முயலின் நோய் இதற்கும், இதன் உண்ணி அதற்கும் பரவுவதுதான் மிச்சம். முயல் பண்ணை உள்ளவர்கள் இந்தக் குட்டியைப் பண்ணைக் கொட்டகை பக்கமே கொண்டுபோகக் கூடாது.

அறுவடைக்கு முன்னால் பத்து நிமிடம்

குட்டியை எடுத்து வந்து காப்பாற்றுவதைவிட, இயந்திரத்தில் சிக்காமல் பார்த்துக்கொள்வதில் நம்மால் செய்யக்கூடியது அதிகம். மண்வெட்டியோடு ஆள் வரும்போது குட்டி கண்ணில் படுகிறது. ரோட்டவேட்டரும் பிரஷ் கட்டரும் வரும்போது படுவதில்லை. சத்தம் கேட்டால் பெரிய முயல் ஓடிவிடும், குட்டியோ இன்னும் அழுத்திப் படுத்துக்கொள்ளும். ஜெர்மனியில் புல்வெளிகளை அறுப்பதற்கு முன் வெப்பக் கேமரா பொருத்திய டிரோனை விடியற்காலையில் பறக்கவிட்டு, பதுங்கியிருக்கும் மான் குட்டிகளைத் தேடி எடுக்கிறார்கள். அந்த டிரோன் வாங்க அரசு மானியமும் கொடுக்கிறது.

நமக்கு அவ்வளவு வேண்டாம். கோ.எப்.எஸ். 29 போன்ற பல அறுப்புத் தீவனச் சோளத்தில் முதல் அறுப்பு 65 நாளிலும் பிறகு 50 நாளுக்கு ஒரு முறையும் வருகிறது. இந்த இடைவெளி ஒரு முயல் அங்கே குட்டி போடப் போதுமானது. அறுக்கும் நாளுக்கு முந்தைய மாலையிலோ அன்று விடியற்காலையிலோ இரண்டு ஆட்கள் நான்கு அடி இடைவெளியில் வரிசையாக நடந்து பாருங்கள். காட்டின் ஓரங்களையும், பயிர் கலப்பாக இருக்கும் திட்டுகளையும் கவனமாகப் பார்த்தாலே பாதி வேலை முடியும். ஒரு குட்டி தென்பட்டால் அதோடு நிற்காதீர்கள், உடன் பிறந்தவை சில அடி தள்ளிப் பதுங்கியிருக்கும்.

இயந்திரத்தை ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி நடுவுக்குக் கொண்டுபோகும் வழக்கத்தையும் மாற்றலாம். அப்படி ஓட்டினால் உள்ளே இருக்கும் உயிரெல்லாம் கடைசித் திட்டில் மாட்டிக்கொள்ளும். நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக ஓட்டினால் முயல், காடை, கவுதாரி எல்லாம் வேலிக்கு ஒதுங்க வழி கிடைக்கும். டிரைவருக்கு முதல் இரண்டு சுற்று எரிச்சலாக இருக்கும், டீசல் செலவு பெரிதாகக் கூடாது. கொறங்காடு வைத்திருப்பவர்கள் கிளுவை வேலி அடியில் மூன்றடி அகலத்துக்குக் கொழுக்கட்டைப்புல்லை வெட்டாமல் விட்டு வைக்கலாம். மழைக்காலத்தில் மண் அரிப்பையும் அது தடுக்கும்.

"முயல் கடலை முளையையும் தட்டைப்பயறையும் கடிச்சுப் போடுது, அதைப் போய்க் காப்பாத்தச் சொல்றீங்களே?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. முயல் கடிப்பது பெரும்பாலும் முளைத்த முதல் சில வாரங்களில், காட்டோரத்து வரிசைகளில். மரக்கன்றின் பட்டையையும் கடிக்கும். அந்த நாட்களில் மட்டும் ஓரங்களில் மூன்றடி உயரத்துக்குப் பச்சை நிழல்வலையோ சிறு கண்ணிக் கம்பி வலையோ கட்டி, அடிப்பகுதியை அரை அடி மண்ணில் புதைத்தால் சேதம் வெகுவாகக் குறையும். கன்றுகளுக்கு இரண்டடி உயரக் காப்பு போதும். சுருக்குக் கம்பியும் மின்வேலியும் வைப்பவர்கள், முயலோடு பக்கத்துத் தோட்டத்துக்காரரின் ஆட்டையும், சில நேரம் ஆளையும் சேர்த்தே பலி வாங்குகிறார்கள்.

வட்டார விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆடிப்பட்டத்துக்கு முந்தைய உழவர் கூட்டத்தில், விதை நேர்த்தி பற்றிப் பேசி முடித்ததும், உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்தின் எண்ணைப் பலகையில் எழுதிப் போட்டு எல்லோரையும் செல்போனில் பதியச் சொல்லுங்கள். களை வெட்டுக்கு ஆள் கூட்டி வரும் பெண்கள் குழுத் தலைவிகளிடம் தனியாகச் சொல்வது இன்னும் பலன் தரும். வயலில் முயல் குட்டியை முதலில் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.